பிள்ளைகளிடம் பேசியது போதும்: போதைத் தடுப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். போதைத் தடுப்புக் குழு, விழிப்புணர்வுக் குழு என்று ஏதோ ஒரு பெயரில் கூடி வேலை செய்கிற பெற்றோர், ஆசிரியர், காவலர், மருத்துவர், தொண்டர் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பத்துப் பைசா வாங்காமல், சொந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வருகிறவர்கள் நீங்கள். உங்களைக் குறை சொல்ல எளிதில் மனம் வராது. ஆனால் சொல்லாமல் விட்டால் இந்த வருடமும் போன வருடம் மாதிரியே போய்விடும்.

ஜூன் 26 நெருங்கினால் என்னென்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் மனப்பாடம். போதைப்பொருளுக்கு எதிரான நாளாக அதை ஐ.நா. பொதுச்சபை 1987-இல் அறிவித்தது. அன்றைக்குப் பதாகை வரும், பேரணி போகும், பிள்ளைகள் உறுதிமொழியைக் கோரஸாக வாசிப்பார்கள், ஓவியப் போட்டியில் மண்டை ஓடும் சிரிஞ்சும் வரைந்த பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும். விருந்தினர் பேசிவிட்டுக் கிளம்புவார். மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டபின் அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாரோடு இருக்கிறார்கள், யார் அவர்களுக்கு எதை விற்கிறார்கள் என்பதில் மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது.

பிள்ளைகளிடம் பேசுவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தையும் பணத்தையும் பெரியவர்கள் பக்கம் திருப்புங்கள். இதுதான் என் கோரிக்கை. பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்கு ஒரு பாட்டில் தானாக வந்து சேராது. யாரோ ஒரு பெரியவர் வயது கேட்காமல் விற்றிருப்பார், இல்லையென்றால் வாங்கிக் கொடுத்திருப்பார், வீட்டில் கண்ட இடத்தில் வைத்திருப்பார், அதுவும் இல்லையென்றால் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்திருப்பார். அந்தப் பெரியவரைப் பற்றி நம் கூட்டங்களில் பேச்சே வருவதில்லை.

வெறும் பேச்சால் பயன் குறைவு என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பெரிய செலவில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 'டேர்' என்ற திட்டம் தொடங்கியது. சீருடை அணிந்த காவலரே வகுப்புக்கு வந்து போதையின் தீமைகளைச் சொல்லிக் கொடுப்பார். பெற்றோருக்குப் பிடித்தது, காவல்துறைக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு ரொம்பவே பிடித்தது. அமெரிக்கா முழுக்கப் பரவியது. அப்புறம் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். 1994-இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது பலன் மிகச் சொற்பம் என்று தெரிந்தது. அந்தப் பாடத்தைப் படித்தவர்களைப் பத்து வருடம் கழித்துத் தேடிப்போய்க் கேட்ட ஆய்வு 1999-இல் வந்தது. படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தத் திட்டத்தையே பின்னாளில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இதைவிடச் சங்கடமான கதை ஒன்று உண்டு. 1998 முதல் 2004 வரை அமெரிக்க அரசு நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, இளைஞர்களைக் குறிவைத்துத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் போதை எதிர்ப்பு விளம்பரங்கள் செய்தது. பார்த்தவர்கள் கஞ்சா தொடுவது குறைந்ததாக மதிப்பீட்டில் தெரியவில்லை. சில பிள்ளைகளிடம் விளைவு எதிர்த்திசையில் போயிருக்கலாம் என்றுகூட அறிகுறிகள் இருந்தன. ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று யோசிக்க வைக்கிறது: இத்தனை விளம்பரம் போடுகிறார்கள் என்றால் எல்லோரும் இதைச் செய்கிறார்கள் போலிருக்கிறதே என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்களாம்.

மேடையில் நின்று 'இன்றைய தலைமுறையே சீரழிந்து கிடக்கிறது' என்று முழங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கூட இருப்பவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று மாணவர்கள் நினைக்கிற அளவு உண்மையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. 1980-களிலிருந்து பல கல்லூரிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தொட்டதே இல்லை என்றாலும், தொட்ட நாலு பேரின் கதைதான் வகுப்பு முழுக்கச் சுற்றும். மீதிப் பேர் நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்களிடம் போய் 'எல்லோரும் கெட்டுப்போய்விட்டீர்கள்' என்று சொல்வது நாமே கொடுக்கிற அழைப்பிதழ்.

சரி, வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ஐஸ்லாந்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 1990-களில் ஐரோப்பாவிலேயே மோசமாகக் குடித்த பதின்வயதினரில் அந்த நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். தினமும் புகைபிடிக்கிறவர்கள் 23-லிருந்து 3 சதவீதத்துக்கு வந்தார்கள். கஞ்சாவை ஒருமுறையாவது தொட்டவர்கள் 17-லிருந்து 7.

அவர்கள் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. முதலில் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெயர் எழுத வேண்டாத கேள்வித்தாள்: எப்போது குடித்தாய் என்பதோடு நிற்காமல், சாயங்காலம் என்ன செய்கிறாய், அப்பா அம்மாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய், நீ யாரோடு சுற்றுகிறாய் என்று வீட்டுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். பதில்களில் ஒரு வடிவம் தெரிந்தது. வாரத்தில் பல நாள் விளையாட்டுப் பயிற்சிக்கோ இசை வகுப்புக்கோ போகிறவர்கள், பெற்றோரோடு பொழுது கழிக்கிறவர்கள், ராத்திரி வெகுநேரம் வெளியே திரியாதவர்கள் போதைப் பக்கம் போவது குறைவாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் தங்கள் வேலையை மாற்றினார்கள். மது வாங்க 20 வயது, புகையிலை வாங்க 18 வயது என்ற வரம்புகள் உண்டு. விளம்பரங்களுக்குத் தடை உண்டு. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கும் கோடையில் பன்னிரண்டு மணிக்கும் மேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்றார்கள். பெற்றோரே கூட்டாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். என் வீட்டில் என் பிள்ளையின் நண்பர்களுக்கு மது தரமாட்டேன், கண்காணிப்பில்லாத பார்ட்டிக்கு இடம் தரமாட்டேன், அடுத்தவர் பிள்ளை மேலும் ஒரு கண் வைப்பேன் என்று. வாரக் கடைசி இரவுகளில் பெற்றோர் முறை வைத்துக் கூட்டமாகத் தெருவில் நடந்து வருவார்கள். யாரையும் பிடிக்க அல்ல, பெரியவர்கள் நடமாட்டம் இருக்கட்டும் என்று. விளையாட்டுக்கும் கலைக்கும் கட்டணம் கட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெய்க்யவிக் நகராட்சி ஓர் அட்டை வழியாகப் பணம் கொடுத்தது.

பேச்சாளர்கள் வழக்கமாக விட்டுவிடுகிற ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதே காலத்தில் பிரிட்டன், சுவீடன் போன்ற நாடுகளிலும் பதின்வயதினர் குடிப்பது நன்றாகவே குறைந்தது. ஆகவே ஐஸ்லாந்தின் சரிவு முழுவதையும் இந்த ஒரு முறையின் கணக்கிலேயே எழுத முடியாது. நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. அங்கே நடந்ததை அச்சடித்த மாதிரி எங்கும் கொண்டுபோக முடியாது. ஊரடங்கு நேரம் எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காவலர் கையில் அது எளிதாக ஏழைப் பிள்ளைகளை விரட்டும் கோலாகிவிடும். ஆனால் அவர்கள் தொடங்கிய வரிசை எங்கும் பொருந்தும்: முதலில் கேள், அப்புறம் பெரியவர்களைத் திருத்து, அடுத்த வருடம் மறுபடி கேள்.

இதைப் போன்ற ஒரு வரிசையைக் கறாரான சோதனைக்கு உட்படுத்தியதும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஒரு முறையை, ஏழு மாநிலங்களில் 24 சிற்றூர்களை எடுத்து, பாதி ஊர்களில் குலுக்கல் முறையில் செயல்படுத்தினார்கள். அந்தந்த ஊர்க் குழுவே தன் பிள்ளைகளிடம் கணக்கெடுத்து, தன் ஊரில் எது பெரிய ஆபத்து என்று பார்த்து, பலன் நிரூபிக்கப்பட்ட திட்டங்களிலிருந்து தேவையானதைத் தேர்ந்தெடுத்தது. எட்டாம் வகுப்புக்கு வரும்போதே அந்த ஊர்ப் பிள்ளைகளில் குடிக்கவும் புகைக்கவும் தொடங்கியவர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைவாக இருந்தார்கள். பள்ளியை முடிக்கும் வயதிலும் எதையும் தொடாதவர்கள் அங்கேதான் கூடுதல். பலன் தெரிய வருடக்கணக்கில் பொறுமை வேண்டியிருந்தது. நம் குழுக்களில் ஒரு செயலாளர் இரண்டு வருடம் நீடித்தாலே அதிசயம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இனி வீட்டுக்குள் வருவோம். 'வெளியே போய்க் கண்டதையும் குடிப்பதற்கு என் கண்முன்னாலேயே கொஞ்சம் குடிக்கட்டும்' என்று சொல்கிற பெற்றோர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பழக்கிவிட்டால் அளவு தெரியும் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 1,900 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், பெற்றோர் கையால் மது வாங்கிக் குடித்ததால் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மாறாக, ஒரே மூச்சில் அதிகம் குடிப்பதும், குடியால் வரும் பாதிப்புகளும் கூடுதலாகவே இருந்தன. வெளியாரிடமிருந்தும் வாங்கிக் குடிக்கிற வாய்ப்பும் கூடியது. இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோர் கூட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டால் பத்துப் பேரணிக்குச் சமம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எத்தனை வயதில் தொடங்கினால் என்ன, என்றைக்கிருந்தாலும் குடிக்கத்தானே போகிறான் என்பார்கள். திட்டமிடுதல், தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பின்னாளில் குடிக்கு அடிமையானவர்கள், இருபதைத் தாண்டித் தொடங்கியவர்களைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு என்று 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. சீக்கிரம் தொடங்கியதே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிக்கலான குடும்பச் சூழலில் இருக்கிற பிள்ளைகளே சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கும். அப்படியென்றாலும் தள்ளிப்போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மருந்துப் பெட்டியும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பாட்டி சாப்பிட்டு மிஞ்சிய தூக்க மாத்திரை, அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுத்த கடுமையான வலி நிவாரணி இவற்றில் ஏதாவது ஒன்றை மதுவோடு சேர்த்தாலும் மூச்சே நின்றுபோகலாம். பூட்டி வையுங்கள், மிஞ்சியதை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

விற்பவர்கள் விஷயத்தில் குழு செய்யக்கூடியது நிறைய. 'சிறுவர்களுக்கு விற்பனை இல்லை' என்ற பலகை எல்லா இடத்திலும் தொங்கும். வயதுச் சான்று கேட்கிறார்களா என்பதுதான் கேள்வி. சட்டம் அனுமதிக்கிற இடங்களில், அதிகாரிகள் மேற்பார்வையில் ஓர் இளையவரை வாங்க அனுப்பிப் பார்க்கிறார்கள். விற்றால் அபராதம், உரிமத்தில் கை வைப்பு. சோதனை நடந்த இடங்களில் சிறுவருக்கு விற்பது குறைகிறது. ஆனால் சில மாதங்களிலேயே பயம் தெளிந்து பழையபடி ஆகிவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை நடத்திப் படம் எடுத்துப் போடுவதில் பலன் இல்லை, அடிக்கடி நடக்க வேண்டும். தொலைபேசியில் ஆர்டர் செய்தால் வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஏற்பாடு வந்தபின் சிக்கல் கூடிவிட்டது. கதவைத் திறந்தது யார், வயதென்ன என்று கொண்டுவருகிறவர் கேட்பாரா? அவருக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம். பொறுப்பை அவர் தலையில் கட்டாமல் நிறுவனத்தின் மேல் வைக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுத வேண்டியது உங்கள் குழுதான். தனி மனிதர் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?

உதவித்தொகை விஷயத்திலும் கவனமாக இருங்கள். மது நிறுவனங்களே இளைஞர் விழிப்புணர்வுக்குப் பணம் கொடுக்க முன்வருவது பல நாடுகளில் நடக்கிறது. அந்தப் பணத்தில் வருகிற வாசகங்கள் எல்லாம் 'பொறுப்போடு குடியுங்கள்' வகை. விலையைக் கூட்டு, விற்பனை நேரத்தைக் குறை, விளம்பரத்தை நிறுத்து என்று ஒரு வாசகம்கூட வராது. உலக சுகாதார நிறுவனம் மது பாதிப்பைக் குறைக்க 2018-இல் முன்வைத்த பரிந்துரைகளில் இந்த மூன்றும் இருக்கின்றன. எது யாருக்கு வலிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியே, நம் குழுவின் வருடாந்திர விருந்தில் மேசை மேல் என்ன இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அடுத்ததைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்: பிடிபட்ட பிள்ளையை என்ன செய்கிறோம்? பையில் வேப் (மின்-சிகரெட்) கிடைத்தது, சுற்றுலாவில் குடித்துவிட்டான் என்றால் நமக்குத் தெரிந்த ஒரே மருந்து பள்ளியை விட்டு அனுப்புவதுதான். கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் விளையாட்டு அணி, நல்ல நண்பர்கள், நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் என்று அந்தப் பிள்ளையைப் பிடித்து வைத்திருந்த எல்லாக் கயிறும் ஒரே கடிதத்தில் அறுந்துபோகின்றன. வெளியே முழுநேரமும் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்றவனையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தவனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன். முதல் முறை பிடிபட்டால் பெற்றோர், ஆலோசகர், தேவைப்பட்டால் மருத்துவர் என்று ஒரு வழி எழுத்தில் இருக்கட்டும். அது ரகசியமாகவும் இருக்கட்டும். ஆசிரியர் அறையில் பெயர் அடிபட்டால் அடுத்த பிள்ளை உதவி கேட்டு வாயைத் திறக்காது.

தண்டனை பயத்துக்கு இன்னொரு விலை உண்டு. ஒரு பார்ட்டியில் நண்பன் சுருண்டு விழுகிறான். யாரையாவது கூப்பிட்டால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, தூங்கினால் தெளிந்துவிடும் என்று மூலையில் படுக்கவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கடைசியாகக் குடித்த மது வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால், குடிப்பதை நிறுத்திய பிறகும் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். படுத்திருப்பவன் நினைவிழந்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயை அடைக்கும். காப்பி கொடுப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது எதுவும் மதுவை உடம்பிலிருந்து வெளியேற்றாது. ஈரல் அதன் வேகத்தில்தான் வேலை செய்யும். பிள்ளைகளுக்கு நேரடியாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் இதுதான்: எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு, ஒருக்களித்துப் படுக்கவை, தனியாக விட்டுவிட்டுப் போகாதே. ஓபியாய்டு வகை (அபினி போல வேலை செய்கிற கடுமையான வலி நிவாரணி, ஹெராயின் போன்றவை) மாத்திரையோ ஊசியோ என்று சந்தேகம் இருந்தால், அதை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. மூக்கில் அடிக்கிற வடிவிலும் வருகிறது. உதவி கேட்டுக் கூப்பிட்டவர் மேல் வழக்குப் போடுவதில்லை என்று சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் பள்ளியும் குழுவும் இன்றைக்கே அந்த வாக்கைக் கொடுக்கலாம்: கூப்பிட்டவனுக்குத் தண்டனை கிடையாது.

பிள்ளைகளிடம் பேசியது போதும் என்று எழுதிவிட்டு அவர்களைக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்வது முரணாகத் தெரியலாம். அவர்கள் பேசி நாம் கேட்பது வேறு விஷயம். எந்த மொட்டை மாடி, எந்த வீட்டில் பெரியவர்கள் இல்லை, எந்தக் கடைக்காரர் கேள்வி கேட்பதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குழுவில் இரண்டு மூன்று இடங்களை அவர்களுக்கு ஒதுக்குங்கள். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளை மட்டும் உட்காரவைக்காதீர்கள். போதையிலிருந்து மீண்டு வந்த இளைஞர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. மேடையில் அழவைக்கும் கதை சொல்ல அவரைக் கூப்பிடாமல், முடிவெடுக்கிற மேசையில் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாகக் கணக்கெடுப்பைப் போடுங்கள். பெயர் கேட்காத கேள்வித்தாள், ஒரு வகுப்பு நேரத்துக்குள் எழுதி முடிக்கக்கூடியது. யார் என்ன எழுதினார்கள் என்று பள்ளி நிர்வாகத்துக்கோ காவல்துறைக்கோ தெரியாதபடி விடைத்தாள்களை யார் வாங்கி வைப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பிள்ளையும் உண்மையை எழுதாது. இரண்டாவது பொருளாகப் பெற்றோர் ஒப்பந்தத்தின் வரைவை வையுங்கள். அதில் முதல் கையெழுத்துகள் குழு உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும். நேரம் மிஞ்சினால் பேரணியைப் பற்றிப் பேசலாம். கேள்வித்தாள் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பள்ளி ஆசிரியர்